மஞ்சள் தண்ணீரில் குளித்த ரிமோட்

கூரை ஓடு மாற்ற வந்தவர்கள் பரணில் கிடந்த பழைய டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "டீச்சர், இதுக்குள்ள என்ன இரிக்கெண்டு பாருங்க, கறையான் ஏறியிரிக்கு" என்றார்கள். திறந்தேன். அம்மாவின் கூறைச்சேலை, எலி கடித்த ஒரு பாய், அதற்கு அடியில் ஒரு ரிமோட். சிவப்புப் பிளாஸ்டிக். இழுத்தால் முழங்கை நீளத்துக்கு வருகிற கம்பி அன்டெனா, ஓட்ட விரலால் அமத்துகிற ரெண்டு ஆணி. பற்றறி போடும் மூடியைக் கழற்றினேன். உள்ளே சுருள் கம்பிகள் துருப்பிடித்து, மூலைகளில் மஞ்சள் கறை படிந்திருந்தது. கார் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன்னால் என் தம்பி அதை ஆற்றில் தாழவிட்டான்.

புத்தகத்தில் வாவி என்று எழுதுவார்கள். களுவாஞ்சிக்குடியில் எங்கள் வளவுக்குப் பின்னால் கிடக்கிற அந்த உப்புத் தண்ணீர் எங்களுக்கு ஆறுதான். அதற்கு அங்கால் படுவான்கரை. இங்கால் நாங்கள்.

அந்த ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். எனக்கு ஒரு கார் வேண்டும். எனக்கென்று. நானே தெரிந்தெடுத்து, நானே வாங்கி, நானே ஓட்டுகிற ரிமோட் கார். யாருடைய காரையும் பறித்து ஓட்டிய காலம் போதும். நாற்பத்துமூன்று வயதில், கணக்குப் படிப்பிக்கிற பொம்பிளைக்கு இது தேவையா என்று கேட்க நினைப்பவர்கள் கேட்காமல் இருந்தால் அவர்களுக்கு நல்லது.

என் புருசன் கேட்டார். "இந்த வயசில என்ன விசர் இது?" ஞாயிற்றுக்கிழமை முழுக்க மோட்டார்சைக்கிளைக் கழுவித் துடைத்து, எண்ணெய் பூசி, சேறு படும் என்று திங்கட்கிழமை பஸ்ஸில் வேலைக்குப் போகிற மனிதர் அவர். நான் வாளியை நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அந்தப் பழைய காரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அப்பா சவூதியில் லொறி ஓட்டினார். நான் பதின்மூன்று வயதில் இருக்கும்போது லீவில் வந்தார். அது சண்டைக் காலம்; ரிமோட் என்றால் குண்டு வெடிக்க வைக்கிற சாமான், அந்தச் சொல்லையே வாயில் எடுக்கப் பயம். வழியில் ஆமிச் சென்றியில் சோதனைக்குப் பெட்டியைத் திறந்தவர்கள் அதைக் கண்டதும் அப்பாவை ஒரு பக்கம் நிற்பாட்டி வைத்து, ஆளாளுக்குக் கூப்பிட்டுக் காட்டி, கடைசியில் ஒரு ஆமிக்காரன் பற்றறி போட்டு, தடைக் கம்புக்குக் கீழால் ரெண்டு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தானாம். வீட்டுக்கு வந்தபோது டயரில் சென்றி மண் ஒட்டியிருந்தது. வெள்ளை உடம்பு, நீலக் கோடு. கண்டவுடன் கையை நீட்டினேன்.

அது தம்பிக்கு. எனக்குத் தங்க நிறத்தில் ஒரு கைக்கடிகாரமும் சட்டைத் துணியும். ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்ன நியாயம் இந்தப் பகுதிக்கு வெளியே யாருக்கும் விளங்காது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பொம்பிளைப் பிள்ளைக்கு. ஆம்பிளைப் பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்சாதியின் வீட்டுக்குப் போய்விடுவான். "உனக்கு வீடு இரிக்கு மகள். அவன் போற இடத்துக்குக் கொண்டு போக ஒண்டாவது வேணாமா?" என்றார் அம்மா. பதின்மூன்று வயதில் வீட்டை வைத்து நான் என்ன செய்ய? வீட்டை வளைத்துத் திருப்ப ஏலுமா?

ஆகவே பறித்துக்கொண்டேன். தம்பிக்குப் பத்து வயது. எதிர்த்துப் பேசத் தெரியாது. கார் கவிழ்ந்தால் ஓடிப் போய் நிமிர்த்துவதும், சக்கரத்தில் சுற்றிய தலைமயிரை எடுப்பதும், வெயிலில் காய்ந்த பற்றறியை மாற்றிப் போடுவதும் அவன் வேலை. ஓட்டுவது நான். "அக்கா, என்ட முறை எப்ப?" என்று கேட்பான். "நாளைக்கு" என்பேன். பதினாறு நாள் ஓட்டினேன். ஒரு கீறல் விழவில்லை.

பதினேழாம் நாள் பெரியபிள்ளை ஆகிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கும். பின்னறையில் ஒரு மூலை, ஒரு பாய், தனிக் கோப்பை. பச்சை முட்டை, நல்லெண்ணெய், உழுத்தங்களி. ஊரில் உள்ள மாமிமார் எல்லாரும் வந்து தலையைத் தடவி, வாயைப் பொத்திச் சிரித்துவிட்டுப் போனார்கள். சடங்கு வைத்துத் தண்ணி வார்க்கும் வரைக்கும் துடக்கு, தீட்டு. நான் தொட்டது எல்லாம் துடக்கு. அந்த அறைக்குக் கம்பி போட்ட ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பின் வளவு, தென்னைகள், அதற்கப்பால் ஆறு.

நாலாம் நாள் தம்பியை ஜன்னலுக்குக் கூப்பிட்டேன். "ரிமோட்டத் தா. காரக் கொண்டு போய் வளவில வை." துடக்கு என்று பயந்தான். ரிமோட்டை ஜன்னல் கட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். கம்பிக்குள்ளால் அன்டெனாவை நீட்டி ஓட்டினேன். முதலாம் தென்னை, இரண்டாம் தென்னை, அதற்குப் பிறகு ஜன்னலில் இருந்து பார்த்தால் கார் தெரியாது. "அக்கா, நிப்பாட்டு!" என்று அவன் கத்தியது கேட்டது. நான் கையை எடுத்துவிட்டேன். எனக்கு அது இன்றைக்கும் துலக்கமாக நினைவிருக்கிறது. விரல் ஆணியில் இல்லை.

சத்தம் கேட்டு அம்மா வந்தார். என் கையில் இருந்த ரிமோட்டைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டார். பறித்துக்கொண்டு போய், துடக்குப் போக மஞ்சள் தண்ணீர்ச் சட்டியில் முக்கி எடுத்து, துணியால் துடைத்து டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். பற்றறியில் ஓடுகிற சாமானை மஞ்சள் தண்ணீரில் கழுவிச் சுத்தம் செய்த பொம்பிளை உலகத்திலேயே என் அம்மா ஒருவராகத்தான் இருப்பார். கொஞ்ச நேரத்தால் தம்பியின் முகம் மட்டும் ஜன்னலின் ஓரத்தில் தெரிந்தது. "எடுத்திட்டன் அக்கா. ஒண்டுமில்ல. அழாத" என்றான்.

அடுத்த நாள் பின்னேரம் முட்டையோடு வந்த அம்மா சொன்னார். "உன்ட தம்பி அந்தக் கார ஆத்துக்குள்ள விட்டுட்டான். அப்பா பெல்ற்றால பொரிஞ்சு தள்ளிட்டார்."

"நல்லா வேணும்" என்றேன் நான்.

பதினாறு நாள் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஒரே நாளில் தொலைத்த கவனமில்லாதவன் என்று அன்றைக்குப் போட்ட கணக்கை நான் மாற்றவே இல்லை. வீட்டில் எது தவறி விழுந்தாலும், "இவனிட்டக் குடுத்தா ஆத்துக்குள்ளதான்" என்று சொல்வேன். அது எங்கள் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அப்பா அவனுக்கு ஒரு சைக்கிள் கூட வாங்கிக் கொடுக்கவில்லை. கலியாணம் முடித்து ஒரு சூட்கேஸோடு செங்கலடிக்கு, பெண்சாதியின் வீட்டுக்குப் போனான். அப்போதும் அவனுடைய மாமியாரிடம் நான், "பாத்துக்கொள்ளுங்க, இவன் கையில ஒண்டும் நிக்காது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

சரி, கார் வாங்கிய கதைக்கு வாறேன்.

முதலில் போனில் வீடியோ பார்த்தேன். "ஹொபிக்குத் திரும்பி வருகிறவர்கள் வாங்கவேண்டிய ஐந்து கார்கள்" என்று ஒருவர் பேசினார். பதினாறு நாளும் ஒரு ஜன்னலும்தான் என்னுடைய ஹொபி. ஆனாலும் திரும்பி வருகிறவள் என்று என்னை ஒருவர் மரியாதையாகச் சொன்னதால் உட்கார்ந்து பார்த்தேன். மனுசன் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். வேகம் இவ்வளவு, பாய்ச்சல் இவ்வளவு, பிரஷ் இல்லாத மோட்டர், லிப்போ பற்றறி. பின்னால் பார்த்தால் கண்ணாடி மாதிரித் தார் போட்ட கார் நிறுத்துமிடம். ஒரு கல் கிடையாது, ஒரு மாடு கிடையாது. எங்கள் வளவில் மணல், நெரிஞ்சி முள், கோழி எச்சம், தென்னம்பாளை. கடல் பக்கம் போனால் சக்கரம் புதையும். ஆற்றுப் பக்கம் போனால் களிமண். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐந்து பேரை மாறி மாறிப் பார்த்தேன். ஐந்து பேரும் ஒரே தாரில்தான் நின்றார்கள்.

பிறகு ஆட்களைப் பார்க்கப் போனேன். போகம் வெட்டி முடிந்த வயல் வட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து ஆம்பிளைகள் ரிமோட் கார் ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஸ்கூட்டியை வாய்க்கால் ஓரம் விட்டுவிட்டு வரம்பால் நடந்தேன். என்னைக் கண்டதும் ஒருவர், "மகனுக்குப் பாக்கிறீங்களா டீச்சர்?" என்றார். இல்லை, எனக்கு என்றேன். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இவர்கள் ஓட்டுகிற அழகைச் சொல்லவேண்டும். வங்கியில் பெரிய வேலையில் இருக்கிற ஒருவர் நாலு சக்கரமும் இழுக்கிற, பிரஷ் இல்லாத மோட்டர் பூட்டிய பெரிய கார் ஒன்றைப் பெட்டியில் இருந்து, பிறந்த பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி வைத்தார். ஆணியை அமத்தினார். கார் ஒரு கீச்சுச் சத்தத்தோடு பாய்ந்து போய் எதிர் வரம்பில் அடித்து, ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வெட்டிய நெல்லின் ஒட்டுத்தாளுக்குள் தலைகீழாக விழுந்தது. எண்ணி ஐந்து செக்கன். அதற்குப் பிறகு மூன்று பேர் குந்தியிருந்து ஸ்குரூ ட்ரைவரோடு ஒரு மணித்தியாலம் சக்கரத்தைப் பிடிக்கிற கைச்சட்டத்தைக் கழற்றினார்கள். கனடாவில் இருந்து வந்து நிற்கிற இன்னொருவர் அவ்வளவு நேரமும், அங்கே தன் வீட்டில் இதை விடப் பெரியது இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே இருப்பதை அங்கேயே ஓட்டலாம்தானே. ஓட்டத் தெரிந்த ஒரு ஆளை நான் அன்றைக்கு அந்த வட்டையில் காணவில்லை. கொக்குகள் மட்டும் ஒழுங்காக நடந்தன.

"உடைஞ்சா எங்க திருத்துறீங்க?" என்று கேட்டேன்.

"செங்கலடியில ஒராள் இரிக்கார் டீச்சர். பாசிக்குடா ஹோட்டல்ல ஏசி திருத்திற ஆள். ரிமோட் காரெண்டா இந்தப் பக்கத்தில அவர்தான்."

அது என் தம்பி. என் ராசியை என்னவென்று சொல்ல?

தெரியாதது இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு மேசை போட்டு அவன் ஆட்களின் கார்களைத் திருத்துகிறான் என்று தெரியும். அவனிடம் போய்க் கேட்பதா என்று ரெண்டு கிழமை இழுத்தடித்தேன். கடைசியில் போனேன். மேசையில் யாருடையதோ ஒரு டிரக் இருந்தது. அதை ஒரு ரின்பால் தகரப் பேணியைக் கவிழ்த்து அதற்கு மேல் வைத்திருந்தான். சக்கரம் நாலும் அந்தரத்தில். ரிமோட்டை அமத்தினான், சக்கரம் சுற்றியது. திருப்பினான், திரும்பியது. திருப்தியாகத் தலையாட்டி, துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டான்.

"நிலத்தில விட்டுப் பாக்கிறல்லயா?"

"சொந்தக்காரன் ஓட்டுவான்தானே அக்கா. எனக்குச் சக்கரம் சுத்தினாப் போதும்."

"உன்ட கார் எது?"

"எனக்கெதுக்கு?" என்றான்.

பாருங்கள், ஊரில் உள்ள காரெல்லாம் இவன் கையால் போகிறது, சொந்தமாக ஒன்று இல்லை. வைத்திருக்கத் தெரியாது என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல், "அதுவும் சரிதான், ஆறு கிட்டக் கிடக்கு" என்றும் சொன்னேன். அவன் ஸ்குரூக்களைப் பொறுக்கிப் பேணியில் போட்டுக்கொண்டிருந்தான்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். வேகமானது என்றேன். அவன் மேசைக்குக் கீழிருந்து ஒரு பழைய டிரக்கை எடுத்தான். பின் சக்கரம் ரெண்டு மட்டும் இழுக்கிறது. பிரஷ் உள்ள சாதாரண மோட்டர். மூடி நிறம் மங்கி, முன் தாங்கி வளைந்திருந்தது. "இது உனக்குச் சரி அக்கா. மெதுவாத்தான் போகும். ஆனா மணலுக்கு இழுக்கும், உடைஞ்சாச் சாமான் கொழும்பில எடுக்கலாம். முக்கியமா இதில ரிமோட் எட்டாமச் சிக்னல் போனா கார் தானா நிக்கும். எதை வாங்கினாலும் முதல்ல அதப் பாரு. சிக்னல் போனா நிக்கணும்."

எனக்கு ஏறிவிட்டது. பொம்பிளைக்கு மெதுவானது. பொம்பிளைக்குப் பழையது. காரைத் தாழவிட்டவன், தாழவிடாமல் இருப்பது எப்படி என்று எனக்குப் படிப்பிக்கிறான். "வேகமாப் போறதுக்குத்தான் நான் முப்பது வருசம் பாத்துக்கொண்டிருந்த. உன்ட பழஞ்சாமான நீயே வச்சிரு" என்றேன். அவன் பெண்சாதி ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் கூடக் குடிக்காமல் வந்தேன். ஸ்கூட்டியில் வரும் வழியெல்லாம், "சிக்னல் போனா நிக்கணும்" என்று அவன் சொன்ன மாதிரியே முகத்தைக் கோணிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த கிழமை காத்தான்குடிக்குப் போனேன். விளையாட்டுச் சாமான் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கார் நின்றது. நெருப்புச் சிவப்பு, பின்னால் இறக்கை, முன்னால் வெளிச்சம். பார்த்த உடனேயே இதுதான் என்று தெரிந்துவிட்டது. ஒரு மாதமாகப் பார்த்த வீடியோ, கேட்ட கதை எல்லாம் அந்த நிமிசம் காற்றில் போயிற்று. இவ்வளவு நேரமும் மற்றவர்களை நக்கலடித்த நான் கடைசியில் எதைப் பார்த்துத் தெரிந்தெடுத்தேன்? நிறத்தைப் பார்த்து.

"எத்தின வயசுப் புள்ளைக்கு டீச்சர்?" என்றார் கடைக்காரர்.

"நாப்பத்துமூண்டு."

அவர் சிரிக்கவில்லை. நல்ல மனுசன். பெட்டியைக் கட்டும்போது மெதுவாகச் சொன்னார். "இது விளையாட்டுச் சாமான்தான் டீச்சர். முத்தத்துக்குள்ள மட்டும் ஓடினாக் காணும். தூர விடாதீங்க, கைய விட்டுப் போயிரும்."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

சனிக்கிழமை பின்னேரம் தம்பி வந்தான். மாதத்தில் ஒரு தரம் வந்து மோட்டர், மின்விசிறி எல்லாம் பார்த்துவிட்டுப் போவான். அவன் வருவான் என்று தெரிந்துதான் நான் அதுவரை காரைப் பெட்டியை விட்டு எடுக்காமல் வைத்திருந்தேன். காட்டவேண்டும். இந்தா பார், என் கார், நான் தெரிந்தெடுத்த கார் என்று காட்டவேண்டும். பின் வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தென்னைகள் இப்போது மூன்றுதான் மிச்சம். அந்த ஜன்னலுக்கு நேரே நின்றுகொண்டு காரை நிலத்தில் வைத்தேன்.

அவன் காரைப் பார்த்தான். ரிமோட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "சிக்னல் போனா..." என்று தொடங்கினான்.

"வாய மூடிக்கொண்டு பாரு" என்று ரிமோட்டைப் பறித்தேன்.

பொய் சொல்லக்கூடாது, அந்த முதல் நிமிசம் சொர்க்கம். விரல் மறக்கவில்லை. கோழிகள் சிதறி ஓடின. முதலாம் தென்னையைச் சுற்றி வளைத்தேன். மணலில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனது, பிடித்து நிமிர்த்தினேன். முப்பது வருடம் ஒரு இடத்தில் கட்டிப் போட்டிருந்த ஏதோ ஒன்று எனக்குள் அவிழ்ந்தது. சிரித்தேன். அடுக்களை வாசலில் நின்ற என் புருசன் கூடச் சிரித்தார். ரெண்டாம் தென்னையைத் தாண்டி நேரே விட்டேன்.

போதும் என்று கையை எடுத்தேன். கார் நிற்கவில்லை.

விரல் ஆணியில் இல்லை. குனிந்து பார்த்தேன், இல்லை. பின்னுக்கு இழுத்தேன். அமத்தினேன். விட்டேன். அது தன்பாட்டில், அதே வேகத்தில், நேரே ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் வாய் திறக்க முதலே தம்பி ஓடத் தொடங்கியிருந்தான். நாற்பது வயது மனுசன், சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே போகும் என்று தெரிந்த மாதிரி, காருக்குப் பின்னால் போகாமல் நேரே தண்ணீருக்குள் வேர்விட்ட கண்ணா மரங்கள் நிற்கிற மூலைக்கு ஓடினான். கார் கரையில் ஒரு துள்ளுத் துள்ளிக் கண்ணா வேர்களுக்கு மேலால் போய்த் தண்ணீரில் விழுந்தது. அவனும் விழுந்தான். நெஞ்சளவு தண்ணீரில் நின்று தடவினான்.

நான் போய்ச் சேரும்போது கரையேறி விட்டான். உடம்பெல்லாம் களி. காரில் இருந்து உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. முதல் வேலையாகப் பற்றறியைக் கழற்றி எறிந்தான். அதற்குப் பிறகு, என்னைப் பார்க்காமல், காரைக் குலுக்கிக்கொண்டே சொன்னான்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் அக்கா. நீ விட்டிருப்பாய். அது நிக்கல்ல."

எண்டைக்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அந்த ரிமோட் மஞ்சள் தண்ணீர்ச் சட்டியில் கிடந்தது. அதற்குப் பிறகு பெட்டிக்குள், பூட்டுக்குள். அன்றில் இருந்து இன்றுவரை அது வெளியே வரவில்லை. அப்படியானால் அடுத்த நாள் எந்த ரிமோட்டை வைத்து இவன் காரை ஓட்டி ஆற்றில் விட்டான்? இருபது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறேன். ரெண்டு வரிக் கணக்கு இது. முப்பது வருடமாக ஒரு நாள் கூட நான் போட்டுப் பார்க்கவில்லை. கரையிலேயே குந்திவிட்டேன்.

"நீ எடுத்திட்டன் எண்டு சொன்னியே?"

"நீ கம்பியப் பிடிச்சு அழுதுகொண்டு நிண்ட. வேற என்னத்தச் சொல்ற?"

"அப்பாட்டச் சொல்லியிரிக்கலாமே."

"துடக்கோட ரிமோட்டத் தொட்ட எண்டா உனக்கும் விழும். எனக்கு எப்பிடியும் விழும்தானே. ரெண்டு பேருக்கும் ஏன்?"

அம்மாவுக்குத் தெரியும். ரிமோட்டை என் கையில் இருந்து பறித்தவர் அம்மாதான். பெரியபிள்ளை ஆன மகள் ஜன்னலில் நின்று கார் ஓட்டினாள் என்று வெளியே தெரிவதை விட, மகன் பெல்ற்றால் அடி வாங்குவது அவருக்கு லேசாக இருந்திருக்கிறது. அவர் இப்போது இல்லை. இருந்தால் கேட்டிருப்பேன். ஆனால் அம்மாவைச் சொல்லி என்ன? 'நல்லா வேணும்' என்று சொன்ன வாய் என்னுடையது. வீட்டில், பந்தியில், அவனுடைய கலியாணத்தில், ஆட்களுக்கு முன்னால் வைத்து வைத்துச் சொன்னதும் இதே வாய்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. வெறும் வெட்கம் இல்லை, என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இன்னும் ஒன்று கேட்கவேண்டி இருந்தது. கேட்கப் பயமாக இருந்தாலும் கேட்டேன்.

"அந்தக் கார நீ எத்தின நாள் ஓட்டின?"

அவன் கிணற்றடியில் நல்ல தண்ணீர் ஊற்றிக் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். கை நின்றது. கொஞ்சம் யோசித்தான், நினைவு வராதவன் போல.

"ஓட்டல்ல" என்றான். "நீ நாளைக்கு நாளைக்கு எண்டு சொல்லுவ. பிறகு அது போயிற்று."

என் கார் இல்லை, என் கார் இல்லை என்று நான் முப்பது வருடம் புழுங்கிய அந்தக் காரை ஓட்டியவர்கள் மொத்தம் ரெண்டு பேர். ஒரு ஆமிக்காரன். நான்.

சிவப்புக் கார் தேறவில்லை. உப்புத் தண்ணீர் குடித்த மோட்டர் ரெண்டு நாளில் இறுகிவிட்டது. இறக்கை மட்டும் நன்றாக இருந்தது. நான் செங்கலடிக்குப் போய், மேசைக்குக் கீழே கிடந்த அந்தப் பழைய டிரக்கைக் கேட்டேன். நக்கலாக ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தேன். அவனுக்கு அது வராது. "ஞாயிற்றுக்கிழமை சரி பண்ணிக் கொண்டு வாறன்" என்றான்.

கொண்டு வந்தான். வளைந்த தாங்கியை நிமிர்த்தி, மூடிக்கு வெள்ளை அடித்திருந்தான். பின் வளவில் ரின்பால் பேணியைக் கவிழ்த்து, அதற்கு மேல் டிரக்கை வைத்தான். ஆணியை அமத்திச் சக்கரம் சுற்றும்போதே ரிமோட்டை நிற்பாட்டினான். சக்கரம் நின்றது. மறுபடி போட்டான், மறுபடி நிற்பாட்டினான். நின்றது. ரெண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு தரம் பார்த்திருப்போம்.

"சரி, இந்தா" என்று ரிமோட்டை நீட்டினான்.

நான் டிரக்கைத் தூக்கி நிலத்தில் வைத்தேன். பேணியைக் காலால் தட்டிவிட்டேன். அது உருண்டு கிணற்றடிக்குப் போனது. "நீ ஓட்டு" என்றேன்.

"எனக்கெதுக்கு அக்கா? நான் பாத்..."

"ஓட்டெண்டா ஓட்டு."

ஓட்டினான். என்ன சொல்ல, படு கேவலமாக ஓட்டினான். நேரே போகத் தெரியவில்லை. இடது பக்கம் திருப்பவேண்டிய இடத்தில் வலது பக்கம் திருப்பினான். முதலாம் தென்னையில் அடித்தான், வேலியில் அடித்தான், என் புருசன் கழுவி வைத்திருந்த மோட்டார்சைக்கிளில் அடித்தான். ஊரில் உள்ள காரெல்லாம் திருத்துகிறவன், ஒரு வளவுக்குள் ஒரு வட்டம் போடத் தெரியாதவன். கவிழ்ந்த ஒவ்வொரு தரமும் நான்தான் ஓடிப் போய் நிமிர்த்தி வைத்தேன். அவன் நாக்கைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் நின்றான்.

அரை மணித்தியாலம் பார்த்தேன். பற்றறி இறங்கத் தொடங்கியது. என் கார், என் வளவு. கையை நீட்டினேன்.

"காணும், ஓட்டினது போதும். தா. என்ட முறை."

அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

"நாளைக்கு" என்றான்.